புள்ளியியல் மேதை மகலனோபிஸ்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது தமிழர் வழிவழியாகக் கூறிவரும் பழமொழி. ஆயினும் அந்த ஒரு சோற்றைப் பானையின் எப்பகுதியிலிருந்து எடுப்பது என்பதைப் பழமொழி கூறுவதில்லை. கைதேர்ந்தவர்கள் அகப்பையால் கிளறிவிட்டே எடுப்பார்கள். கிளற இயலாத பானையாயின் என் செய்வது? கரிசற் பூமியில் ஓடைக்கரைப் புஞ்சையும் மேட்டுப் புஞ்சையும் ஒரே ஊருக்குள் இருந்தும் ஒரே விளைச்சலைத் தருவதில்லை. சாலையோரத்துக் காடுகளை மட்டும் பார்த்துவிட்டு ஒரு பிர்க்காவின் வெள்ளாமையை எழுதினால் அது கணக்காகாது. ஒரு நாட்டையே இவ்வாறு பதம் பார்க்கும் முறையைத் தேடி வாழ்நாளைச் செலவிட்டவர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ்.

1893ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் கல்கத்தாவில் பிரம்ம சமாஜக் குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்று, 1913இல் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே அவருக்கு வாய்த்த நண்பர் நம் கணித மேதை இராமானுஜன். குளிரால் நடுங்கிக்கொண்டிருந்த இராமானுஜனுக்குக் கட்டிலில் கம்பளிகளை விரித்து, அவற்றினுள்ளே நுழைந்து உறங்கும் முறையைக் கற்றுக்கொடுத்தவர் மகலனோபிஸ்தான். ஒருநாள் இராமானுஜன் சமையலில் ஈடுபட்டிருக்கையில், வீட்டு எண்களைப் பற்றிய புதிர் ஒன்றை இதழொன்றிலிருந்து மகலனோபிஸ் படித்துக் காட்டினார். இராமானுஜனோ கறியைக் கிளறியவாறே, அப்புதிருக்கு மட்டுமன்றி அவ்வகைப் புதிர்கள் அனைத்திற்கும் பொருந்தும் தொடர்பின்னம் ஒன்றை விடையாகக் கூறிவிட்டார். அந்நிகழ்ச்சியை உலகம் அறிந்தது மகலனோபிஸ் வாயிலாகவே.

1915இல் தேர்வில் முதல் வகுப்புப் பெற்றுத் தாயகம் திரும்பவிருந்த வேளையில் போர்க்காலத்தால் பயணம் தாமதமாயிற்று. அப்போது அவருடைய ஆசிரியர் மெக்காலே என்பார் ‘பயோமெட்ரிகா’ என்னும் இதழைக் காட்டினார். வெளிவந்திருந்த தொகுதிகள் அனைத்தையும் வாங்கிக் கப்பலிலேயே படிக்கத் தொடங்கினார் மகலனோபிஸ். இயற்பியல் மாணவராகச் சென்றவர் புள்ளியியலில் தோய்ந்தவராகக் கரையிறங்கினார்.

அவருடைய முதற் களம் கல்வியே. 1917இல் பிரஜேந்திரநாத் சீல் வேண்டியதற்கிணங்கக் கல்கத்தாப் பல்கலைக்கழகத் தேர்வு முடிவுகளை ஆராய்ந்தார். பின்னர் வங்கமொழியில் மாணவர்களின் அறிதிறனைக் குழுவாகச் சோதிக்கும் தேர்வுகளையும் ஆய்ந்தார். இத்தகைய ஆய்வின் நுட்பத்தைச் சற்று விளக்கவேண்டும். இரு பள்ளிகளின் சராசரி மதிப்பெண்களுள் ஒன்று 52, மற்றொன்று 48 எனக் கொள்வோம். முதற்பள்ளியில் கற்பித்தல் சிறந்தது என்பது ஒரு கருதுகோள். ஆய்வாளர் அதனை உடனே ஏற்பதில்லை. இரண்டிற்கும் உண்மையில் வேறுபாடே இல்லையென்று முதலில் வைத்துக்கொள்கிறார். அந்நிலையில் தற்செயலாகவே நான்கு மதிப்பெண் வேறுபாடு எத்துணை முறை நேரக்கூடும் என்பதைக் கணித மாதிரி ஒன்றால் கணக்கிடுகிறார். அடிக்கடி நேரக்கூடுமெனின் கருதுகோளுக்கு வலுவில்லை. அரிதாகவே நேருமெனின் அதனைப் பொருட்படுத்தலாம். பிள்ளைகளைப் பத்துப் பேராகப் பார்ப்பதும் ஆயிரம் பேராகப் பார்ப்பதும் இக்கணக்கில் வெவ்வேறு விடைகளைத் தரும். பத்துப் பேரை வைத்துப் பள்ளிக்குப் பெயர் சூட்டுவது நம்மிடையே இன்றும் குறையவில்லை.

1926இல் ஒரிசாவில் பிராமணியாற்றில் பெருவெள்ளம் வந்தது. ஆற்றுப்படுகை மேடிட்டுவிட்டது, கரைகளை உயர்த்துவதே வழி என்று பொறியாளர்கள் கருதினர். மகலனோபிஸ் ஏறத்தாழ 60 ஆண்டுப் பதிவுகளைப் புரட்டினார். படுகை உயர்ந்ததற்குச் சான்றே இல்லை; மேல்நிலப் பகுதியில் பெய்த மிகைமழையே காரணம் என்று காட்டி, மேலே அணை கட்டித் தேக்குவதைப் பரிந்துரைத்தார். அனைவரும் ஒப்புக்கொண்ட கருத்தொன்று பதிவேடுகளின் முன் நிற்க முடியாமற் போயிற்று.

1920இல் நாகபுரி அறிவியல் மாநாட்டில், விலங்கியல் அளவைத் துறையின் தலைவர் அன்னன்டேல், கல்கத்தா ஆங்கிலோ-இந்தியரின் உடலளவுக் குறிப்புகளை ஆராயுமாறு அவரை வேண்டினார். மனிதக் கூட்டங்களுக்கிடையே உள்ள ஒப்புமையை எவ்வாறு அளப்பது என்ற வினா அங்கிருந்தே பிறந்தது. உயரம், தலை நீளம், மூக்கின் அகலம் என ஒவ்வொன்றையும் தனித்தனியே கூட்டினால் போதாது. ஆயத்த ஆடைகளுக்குப் பெயர்பெற்ற புதியம்புத்தூரில் எந்தத் தையற்காரரைக் கேட்டாலும் இதன் காரணத்தைக் கூறிவிடுவார். உயரமானவனுக்குக் கையும் நீளமாகவே இருக்கும். இரண்டையும் இரு சான்றுகளாகக் கொள்வது ஒரே சான்றை இருமுறை எண்ணுவதாகும். அளவுகள் ஒன்றையொன்று சார்ந்து நிற்கும் இத்தொடர்பையும் கணக்கில் கொண்டு, 1936இல் அவர் நிறைவான வடிவில் வெளியிட்ட அளவீடே மகலனோபிஸ் தொலைவு எனப்படுவது. இன்று கணிப்பொறித் துறையினரும் இதனை அன்றாடம் கையாள்கின்றனர்.

மூக்கின் அளவால் சாதிகளுக்கு ஏற்றத்தாழ்வு கற்பித்த ரிஸ்லி என்னும் ஆங்கில அதிகாரியின் அளவுகளையும் மகலனோபிஸ் மறுபார்வை செய்து, அவற்றிலிருந்த பிழைகளைத் திருத்தினார். வங்கப் பிராமணர் பிற மாகாணத்துப் பிராமணரைவிட வங்கத்தின் பிற சாதியினரையே மிகுதியும் ஒத்திருந்தனர் என்பது 1925ஆம் ஆண்டு மாநாட்டு உரையில் அவர் முன்வைத்த முடிவுகளுள் ஒன்று. சாதிப்பெருமை பேசுவோர் இதை விரும்பியிருக்கமாட்டார்கள்.

1931ஆம் ஆண்டு டிசம்பரில், மாநிலக் கல்லூரியிலிருந்த தம் ஆய்வகத்தை அடிப்படையாகக் கொண்டு இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தோற்றுவித்தார். 1933இல் ‘சாங்கியா’ இதழ் பிறந்தது. எண்ணையும் தெளிந்த அறிவையும் ஒருங்கே குறிக்கும் அப்பெயர் அவருடைய நெஞ்சத்தைக் காட்டுவது. தாகூரின் அன்பராக, விசுவபாரதியின் செயலாளர்களுள் ஒருவராக அவர் பத்தாண்டுகள் பணியாற்றியதும் இங்கு நினைக்கத்தக்கது.

1937இல் சணல் சாகுபடிப் பரப்பைக் கூறெடுப்பு முறையில் கணிக்கத் தொடங்கினார். (தமிழில் மாதிரி என்னும் சொல் இருபொருள் பட நிற்பதால், பானையிலிருந்து எடுக்கும் சோற்றை இங்குக் கூறு என்றும், கணித உருவத்தை மாதிரி என்றும் வழங்குகிறோம்.) முதலில் சிறிய அளவில் ஆய்ந்து, செலவும் பிழையும் எவ்வளவு எனக் கண்டு, ஆண்டுதோறும் விரிவாக்கி, 1941இல் வங்கம் முழுவதையும் தழுவினார். முழுக் கணக்கெடுப்பின் செலவில் ஒரு சிறு பங்கே இதற்குப் போதுமாயிற்று. ஒரே பகுதிக்கு இரு கூறுகளைத் தேர்ந்து, இரு குழுவினரைத் தனித்தனியே அனுப்பி, இருவர் விடையையும் ஒப்பிடுவது அவர் வகுத்த வழி. கணக்கெடுப்பவரின் கையையும் கணக்கிட வேண்டும் என்பதை அவர் மறக்கவில்லை.

ஆயினும் அவரையும் அக்கை ஏமாற்றக்கூடும் என்று காட்டியவர் பி.வி. சுகாத்மே. வயலில் மிகச் சிறிய வட்டமிட்டு அறுத்து விளைச்சலைக் கணிக்கையில், எல்லையில் நிற்கும் பயிரையும் உள்ளே சேர்த்துக்கொள்ளும் இயல்பால் விளைச்சல் மிகைப்பட்டுவிடுகிறது என்று 1946இல் அவர் எழுதினார். பல வயல்களை அறுத்தாலும் இப்பிழை நீங்காது. ஒரே பக்கமாகச் சாய்ந்த தராசில் எத்தனை முறை நிறுத்தாலும் எடை நேராகாதன்றோ? இருவரும் எளிதில் இணங்கவில்லை. 1943ஆம் ஆண்டுப் பஞ்சத்தின் கோரத்தைக் கண்டிருந்த நாட்டில் இது வெறும் ஏட்டுச் சண்டையாக இல்லை. அப்பஞ்சத்தால் நிலத்தையும் உழவுமாட்டையும் இழந்த குடும்பங்கள் எத்தனை என்பதை அளந்த ஆய்வும் மகலனோபிஸ் குழுவினருடையதே.

1945இல் இலண்டன் ராயல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. 1950இல் தேசியக் கூறெடுப்பு ஆய்வு தொடங்கியது. அடுத்து அவர் கைவைத்தது நாட்டின் பொருளாதாரத்தையே. 1955இல் அவர் அமைத்த நான்கு துறை மாதிரி இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்திற்கு அடித்தளமாயிற்று. எந்திரங்களை ஆக்கும் எந்திரங்களில் இன்று முதலிட்டால் நாளைய வளர்ச்சி விரைவுபடும் என்பது அதன் சாரம். நுகர்பொருளுக்கும் வேலைவாய்ப்புக்கும் கைத்தறி போன்ற சிறுதொழில்களை நம்பியது. மாதிரியோ அயல்நாட்டு வாணிகத்தை ஒதுக்கிவைத்தது. வானம் பார்த்த புஞ்சையையும் கைத்தறியையும் ஒரே துறையில் அடக்கியது. பி.ஆர். ஷெனாய் தொடக்கத்திலேயே மறுப்பெழுதினார். உணவையும் பிற அன்றாடப் பொருள்களையும் முதன்மைப்படுத்த வேண்டுமென வக்கீலும் பிரம்மானந்தாவும் வாதிட்டனர். 1957இல் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தது. ஆற்றுப்படுகை பற்றிய பிறர் கருத்தைப் பதிவேடுகளால் சோதித்தவர், தம் மாதிரியைச் சோதிக்கப் பதிவேடே இல்லாத எதிர்காலத்தின்மேல் அதனை ஏற்ற நேர்ந்தது. வெற்றியும் குறையும் பற்றிய வழக்கு இன்னும் முடியவில்லை.

வளர்ச்சியின் பயன் யாரைச் சென்றடைந்தது என்ற வினாவை அவரே பின்னர் எழுப்பினார். 1960இல் அமைந்த வருமானப் பகிர்வுக் குழுவின் தலைவராக அவர் அளித்த அறிக்கை, பொருளாதார வலிமை சிலரிடம் குவிந்திருப்பதைச் சுட்டியது. 1968இல் பத்மவிபூஷண் விருது பெற்றார். 1972 ஜூன் 28இல், 79ஆம் பிறந்தநாளுக்கு முந்தைய நாள், காலமானார். அவர் வகுத்த இரட்டைக் கூறு முறையின் சாயலில், தேசியக் கூறெடுப்புக்காக நடுவணரசின் பணியாளர் சில ஊர்களுக்கும் மாநில அரசின் பணியாளர் வேறு சில ஊர்களுக்குமாக, ஒரே வினாத்தாளை ஏந்திச் செல்லும் வழக்கம் அவருக்குப் பின்னும் தொடர்ந்தது.