மேமி கிளார்க்

மேமி பிப்ஸ் கிளார்க் (ஏப்ரல் 18, 1917 - ஆகஸ்ட் 11, 1983) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த உளவியலாளர் ஆவார். ஆர்க்கன்சா மாநிலத்தின் ஹாட் ஸ்பிரிங்ஸ் நகரில் கறுப்பின மருத்துவர் ஒருவரின் மகளாகப் பிறந்தார். 1943 இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

கணவர் கென்னத் கிளார்க்குடன் நடத்திய பொம்மைச் சோதனையால் இவர் பெரிதும் அறியப்படுகிறார். தோல், தலைமயிர் ஆகியவற்றின் நிறத்தில் மட்டும் வேறுபட்ட பொம்மைகள், 3 முதல் 7 வயது வரையான 253 கறுப்பினக் குழந்தைகளிடம் காட்டப்பட்டன. ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் விளையாட வெள்ளைப் பொம்மையையே தெரிவு செய்தனர். பாதிக்கும் மேற்பட்டோர் பழுப்புப் பொம்மையைக் கெட்டதாகச் சுட்டினர். வடமாநிலக் கலப்புப் பள்ளிக் குழந்தைகளிடம் வெள்ளைப் பொம்மை மீதான விருப்பம் தெற்கைவிடச் சற்று மிகுந்திருந்தது. ஆய்வை மறுத்தோர் இதனையே எடுத்துக்காட்டினர்.

1954 இல் உச்ச நீதிமன்றம் அரசுப் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது எனத் தீர்ப்பளித்தது. ஆய்வுக்கு வித்திட்டது மேமியின் முதுகலை ஆய்வேடே எனினும், தீர்ப்பின் 11ஆம் அடிக்குறிப்பில் கணவரின் பெயர் மட்டுமே இடம்பெற்றது.