சட்ட மந்திரியைத் தோற்கடித்த பெண்மணி

ஆஸ்திரேலியாவில் உள்ள மாகாணங்களில் ஒன்று மேற்கு ஆஸ்திரேலியா. அதன் தலைநகர் பெர்த். 1921-ம் ஆண்டு மார்ச் மாதம் 12-ந் தேதி அங்கே சட்டசபைத் தேர்தல் நடந்தது.

மேற்கு பெர்த் தொகுதியில் சட்ட மந்திரி தாமஸ் டிரேப்பர் நின்றார். அவரை எதிர்த்து 59 வயதுப் பெண்மணி ஒருவர் நின்றார். அவர் பெயர் எடித் கோவன்.

பெண்கள் தேர்தலில் நிற்க 1920-ம் ஆண்டுதான் சட்டம் வந்தது. அந்த மசோதாவைக் கொண்டு வந்தவரே டிரேப்பர்தான்!

துயரமான இளமை

எடித் 1861-ம் ஆண்டு ஜெரால்டன் அருகே ஒரு பண்ணையில் பிறந்தார். 7 வயதில் தாயை இழந்தார். தாய் பிரசவத்தின்போது இறந்து விட்டார். தகப்பனார் கென்னத் பிரவுன் மறுமணம் செய்து கொண்டார். 1876-ல் அந்த இரண்டாவது மனைவியைச் சுட்டுக் கொன்றார். அதற்காகத் தூக்கிலிடப்பட்டார். அப்போது எடித்துக்கு வயது 14.

வேறு பெண்ணாக இருந்தால் மனம் ஒடிந்து மூலையில் உட்கார்ந்திருப்பாள். எடித் அப்படி இருக்கவில்லை. 1879-ல் ஜேம்ஸ் கோவன் என்ற கோர்ட்டு அதிகாரியை மணந்தார். ஐந்து குழந்தைகளைப் பெற்று வளர்த்தார். கணவர் பிறகு மாஜிஸ்திரேட் ஆனார். கோர்ட்டுக்கு வரும் ஏழைப் பெண்களின் துன்பமும், திக்கற்ற குழந்தைகளின் கதியும் எடித்துக்குத் தெரிய வந்தன.

குழந்தைகளுக்காக

1894-ல் பெண்கள் சங்கம் ஒன்றை அமைப்பதில் முன்நின்றார். 1899-ல் மாகாணத்தில் பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்தது. ஆனால் பூர்வகுடிப் பெண்களில் பெரும்பாலோருக்கு அது கிட்டவில்லை.

குற்றம் செய்த குழந்தைகளைப் பெரியவர்களோடு நிறுத்தி விசாரிக்கக் கூடாது என்று எடித் போராடினார். குழந்தைகளுக்குத் தனி கோர்ட்டு ஏற்பட்டது. 1915-ல் அதே கோர்ட்டில் அவரும் நீதிபதிகளில் ஒருவராக அமர்ந்தார். பெர்த் நகரில் பெண்களுக்குத் தனி பிரசவ ஆஸ்பத்திரி வேண்டும் என்றும் பாடுபட்டார். 1916-ல் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது.

46 ஓட்டு

1921 தேர்தலில் ஐந்து பெண்கள் நின்றார்கள். ஜெயித்தவர் எடித் ஒருவரே. ஓட்டு வித்தியாசம் 46. ஆஸ்திரேலியாவின் முதல் பெண் எம்.எல்.ஏ. அவர்தான். கதவைத் திறந்து விட்ட மந்திரி வெளியே போனார். அந்தக் கதவு வழியே எடித் உள்ளே வந்தார்.

பதவி கிடைத்ததும் அவர் சும்மா இருக்கவில்லை. உயில் எழுதாமல் இறந்த பிள்ளையின் சொத்தில் தகப்பனுக்குச் சமமாகத் தாய்க்கும் பங்கு உண்டு என்று 1922-ல் சட்டம் கொண்டு வந்தார். பெண்கள் வக்கீல் ஆகலாம் என்று 1923-ல் இன்னொரு சட்டம் கொண்டு வந்தார்.

1924 தேர்தலில் எடித் தோற்றார். 1927-லும் தோற்றார். 1932-ம் ஆண்டு ஜூன் 9-ந் தேதி காலமானார்.

அவர் சட்டசபையில் இருந்தது மூன்றே ஆண்டு. ஆனால் அவர் கொண்டு வந்த சட்டம், அவருக்குப் பின் வந்த பெண்களுக்குக் கறுப்பு அங்கியைத் தந்தது. ஆஸ்திரேலியாவின் 50 டாலர் நோட்டில் 1995 முதல் எடித்தின் படம் இடம்பெற்று வருகிறது.