ரோசாப்பூ துரை

மதுரை யானைக்கல்லில் சிலையாக நிற்கும் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்பைத் தெரியுமா? 1887-ல் திருவிதாங்கூர் செங்கன்னூரில் பிறந்தவர். லண்டனில் சட்டம் படித்து, மதுரையில் வக்கீலாக வாழ்ந்தவர்.

அப்போது குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்று இருந்தது. 1871-ல் வடக்கே போட்டார்கள். 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் கொண்டு வந்தார்கள். தப்பு செய்தவனைத் தண்டிப்பதுதானே சட்டம்? இதுவோ பிறந்த சாதியையே குற்றம் என்றது! பிரமலைக் கள்ளர் ஆண்கள் கைரேகை வைக்கணும். ராத்திரி போலீஸ் கண்காணிப்பில் படுக்கணும். வெளியூர் போகச் சீட்டு வாங்கணும். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ம் தேதி துப்பாக்கிச் சூடு நடந்தது. 16 உயிர்கள் போயின.

அந்த மக்களுக்காக ஜோசப் கோர்ட்டில் வாதாடினார், பத்திரிகைகளில் எழுதினார். அவர் அந்தச் சாதியும் இல்லை, அந்த மண்ணில் பிறந்தவரும் இல்லை. இருந்தும் வந்து நின்றார். மக்கள் பாசத்தோடு வைத்த பேர்தான் ரோசாப்பூ துரை. தங்கள் பிள்ளைகளுக்கும் ரோசாப்பூ என்று பேர் வைத்தார்கள்.

1938-ல் அவர் மதுரையிலேயே காலமானார். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது 1947-ல்தான். அதைக் கண்ணால் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

எங்கள் வீட்டில் ரேகை உருட்டாமல் கையெழுத்துப் போடும் முதல் ஆள் நான். ஆகவே எனக்கு இது பழங்கதை இல்லை. நண்பர்களே, மெஷினைப் படிக்கும் நாம் சட்டத்தையும் கொஞ்சம் படிப்போம். என்ன செய்தாய் என்று கேட்காமல், எங்கே பிறந்தாய் என்று கேட்கிற சட்டம் எதுவானாலும் எதிர்த்து நிற்போம்!