தெர்மோஸ்டாட் இல்லாத காலத்தில் வீட்டையே மலைக்கு மாற்றிய கோவை கலெக்டர்... யார் இந்த ஜான் சல்லிவன்?

கனடாவிலோ ஜெர்மனியிலோ இருக்கும் நம்ம ஊர் பசங்க இப்போ வீட்டுச் சுவரில் ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் மாட்டிக்கிறாங்க. ஆபீஸில் இருந்தே போனில் 20 டிகிரின்னு செட் பண்ணிட்டால் போதும். வீடு அதுக்குக் கீழே குளிர்ந்தால் ஹீட்டர் தானா ஓடும், சூடானதும் தானா நிற்கும். அறைக்கு எவ்வளவு சூடு வேணும்னு முடிவு பண்றது நாம. அதைக் காவல் காக்குறது மட்டும்தான் அந்தக் கருவியோட வேலை.

200 வருஷத்துக்கு முன்னாடி இப்படி ஒரு வசதியைக் கற்பனைகூட பண்ண முடியாது. அந்தக் காலத்தில் கோயம்புத்தூரில் உட்கார்ந்து வெயிலில் வெந்துகொண்டிருந்த ஒரு கலெக்டர் வேற ஒரு வழி கண்டுபிடித்தார். வீட்டோட வெப்பநிலையை மாத்த முடியாதா? அப்போ வீட்டையே மாத்திடலாம்!

16 வயசில் கப்பல் ஏறியவர்

ஜான் சல்லிவன் 1788-ல் லண்டனில் பிறந்தவர். பதினாறு வயசு வாக்கில் கிழக்கிந்தியக் கம்பெனியில் எழுத்தர் வேலைக்குச் சேர்ந்து மெட்ராஸ் வந்தார். படிப்படியா மேலே வந்து, 1815-ல் கோயம்புத்தூர் கலெக்டர். 1830 வரை, 15 வருஷம் அந்தப் பொறுப்பில் இருந்தார்.

அப்போ வெயிலைச் சமாளிக்க இருந்தது ரெண்டே வழி. கயிறு கட்டி ஆள் இழுக்கும் பங்கா, தண்ணீர் தெளித்த வெட்டிவேர்த் தட்டி. அதுவும் வெள்ளைக்காரங்களுக்கும் பணக்காரங்களுக்கும்தான்.

வடக்கே தெரிந்த நீல மலை

1818-ல் சல்லிவனின் உதவியாளர்களான விஷ், கிண்டர்ஸ்லி ரெண்டு பேரும் நீலகிரிக்குப் போய்த் திரும்பினாங்க. மேலே ஐரோப்பா மாதிரி குளிருதுன்னு அவங்க சொன்னதைக் கேட்டதும் கலெக்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை. 1819 ஜனவரியில் அவரே மலை ஏறினார். சிறுமுகை வழியா, காட்டுக்குள் பாதை வெட்டிக்கிட்டே போன பயணம் அது. கோத்தகிரி பக்கம் திம்பட்டியில் முகாம் போட்டார். அதே வருஷம் உடம்பு முடியாமல் மலைக்கு வந்த பிரெஞ்சு இயற்கையியலாளர் லெஷெனோவுக்கு அங்கே குணமானது. மலைக்காற்று மருந்துன்னு சல்லிவன் நம்ப அது போதுமானதா இருந்தது.

இதில் மாயம் ஒண்ணும் இல்லீங்க. 100 மீட்டர் உயரம் ஏறினால் சராசரியா 0.65 டிகிரி செல்சியஸ் குறையும். கோவை கடல் மட்டத்தில் இருந்து சுமார் 410 மீட்டர் உயரம், ஊட்டி 2,240 மீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்க, கிட்டத்தட்ட 12 டிகிரி வித்தியாசம் வருது. கரண்டும் வேண்டாம், ஐஸும் வேண்டாம்.

கோத்தகிரி பக்கம் கன்னேரிமுக்கில் முதல் பங்களாவைக் கட்டினார். 1822-ல் ஊட்டியில் தோடர்களிடம் நிலம் வாங்கி 'ஸ்டோன் ஹவுஸ்' கட்ட ஆரம்பித்தார். ஏக்கருக்கு ஒரு ரூபாய் கொடுத்தார்னு சொல்றாங்க. இன்னைக்கு அங்கே இருப்பது அரசு கலைக் கல்லூரி. சிறுமுகையில் இருந்து கோத்தகிரிக்குப் பாதை, ஊட்டி ஏரி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், ஓக் மரம்னு வரிசையா மலைக்குக் கொண்டு வந்தார்.

குளிரைத் தேடிப் போனவங்களுக்குக் குளிர் எடுத்தது

வெயிலுக்குப் பயந்து மேலே போனாங்க, சரி. ஜனவரி ராத்திரி பூஜ்ஜியம் டிகிரியை நெருங்கும்போது என்ன பண்றது? அதுக்குத்தான் ஃபயர்பிளேஸ். ஊட்டியில் பழைய பங்களா எதைப் பார்த்தாலும் கூரை மேலே புகைபோக்கி நிக்கும். ஆனா ஃபயர்பிளேஸில் வரும் சூட்டில் பெரும்பகுதி புகையோடு வெளியே போயிடும். விறகு தின்கிற ராட்சசன்தான் அது.

பக்கத்திலேயே தோடர் வீடு இருந்தது. பாதி பீப்பாயைக் கவிழ்த்து வச்ச மாதிரி வடிவம், மூங்கிலும் பிரம்பும் புல்லும் சேர்த்த கூரை, ஜன்னல் கிடையாது, தவழ்ந்து போகும் அளவுக்குத்தான் வாசல். உள்ளே ஒரு அடுப்பு எரிந்தால் சூடு எளிதில் வெளியேறாது. என்னைக் கேட்டால், அந்த மலையில் வெப்பநிலையைச் சரியாகப் புரிந்து கட்டிய வீடு அதுதான்.

பங்களாக்கள் பெருகப் பெருக, சோலைக்காட்டு மரங்கள் விறகாகிப் போச்சு. தட்டுப்பாடு வந்ததும் ஆஸ்திரேலியாவில் இருந்து வந்த யூகலிப்டஸையும் வாட்டிலையும் விறகுக்காகவே தோட்டம் தோட்டமா நட்டாங்க. நாம இன்னைக்கு ஊட்டி வாசனைன்னு நினைக்கிற தைல வாசனையோட கதையில் இந்த ஃபயர்பிளேஸுக்கும் பங்கு உண்டு. இது முழுக்க சல்லிவன் ஒருத்தர் செய்ததில்லை, ஆனா தொடங்கி வச்சது அவர்.

தோடர் நிலத்துக்காக நின்றவர்

சல்லிவனை வெறும் சொகுசுப் பேர்வழின்னு சொல்லிட முடியாது. இந்த மலை தோடர்களுக்குச் சொந்தம், அரசாங்கத்துக்கு இல்லைன்னு கம்பெனியிடம் வாதாடினார். அதே நேரம் மலையில் அதிக நிலம் வச்சிருந்த வெள்ளைக்காரரும் அவர்தான். இந்த முரண்பாட்டை எதிரிகள் விடவில்லை. 1828-ல் கவர்னர் லஷிங்டன் ஊட்டி நிர்வாகத்தை ராணுவத்திடம் கொடுத்தார். 1830-ல் சல்லிவனின் கலெக்டர் பதவிக்காலமும் முடிந்தது.

அதே 1830-ல்தான், ஸ்காட்லாந்துக்காரர் ஆண்ட்ரூ யூர் ரெண்டு உலோகத் தகடுகளை ஒட்டிச் செய்த ஒரு கருவிக்கு பிரிட்டனில் காப்புரிமை வாங்கி, தெர்மோஸ்டாட்னு பேர் வச்சார். சூட்டில் ஒரு உலோகம் மற்றதைவிட அதிகமா விரியும், தகடு வளையும். நூற்பாலைகளில் வெப்பத்தைச் சீராக வைக்கத்தான் அது அப்போ தேவைப்பட்டது. மில் ஊரான நம்ம கோவைக்கு இந்தத் தகவல் பிடிக்கும்.

ஊட்டியில் மனைவி, இங்கிலாந்தில் கணவர்

பிறகு மெட்ராஸ் கவர்னர் கவுன்சில் உறுப்பினர் வரைக்கும் உயர்ந்தார் சல்லிவன். ஆனா உடம்பைத் தேற்றும்னு அவர் நம்பிய அதே மலையில், 1838-ல் மனைவி ஹென்ரியட்டாவையும் மகள் ஹாரியட்டையும் பறிகொடுத்தார். ரெண்டு பேர் கல்லறையும் ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் சர்ச் வளாகத்தில் இருக்கு.

1841-ல் இங்கிலாந்து திரும்பிய சல்லிவன், 1855 ஜனவரி 16-ல் இறந்தார். அவர் கல்லறை எங்கேன்னே ரொம்ப நாள் இங்கே யாருக்கும் தெரியாது. 2009-ல்தான் லண்டன் பக்கத்தில் ஸ்லவ் நகரில், செயின்ட் லாரன்ஸ் சர்ச்சில் அதைக் கண்டுபிடிச்சாங்க. 2022-ல் ஊட்டியின் 200-வது ஆண்டில் அவருக்குச் சிலையும் வச்சாச்சு.