பொகவந்தலாவையில் உறங்கும் புகைப்படக் கலைஞர்: ஜூலியா மார்கரெட் கமரனும் பெயர் எழுதப்படாத முகங்களும்

நோட்டன் பிரிட்ஜ் அணையில் தேங்கும் கெசல்கமு ஓயா, பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கிலிருந்து காசல்றீ நீர்த்தேக்கம் வழியாக இறங்கி வருகிறது. அந்தப் பள்ளத்தாக்கில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே, சென் மேரிஸ் தேவாலயம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் தலைசிறந்த புகைப்படக் கலைஞர்களில் ஒருவரான ஜூலியா மார்கரெட் கமரன் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

1815இல் கல்கத்தாவில் பிறந்தவர் ஜூலியா. தந்தை கிழக்கிந்தியக் கம்பனி அதிகாரி. 1838இல் தன்னைவிட 20 வயது மூத்த சார்ள்ஸ் ஹே கமரனை மணந்தார். அந்தப் பெயர் நமக்குப் பழக்கமானது. கோல்புறூக் – கமரன் ஆணைக்குழுவின் கமரன் அவர்தான். கண்டியையும் கரையோரத்தையும் ஒரே நிர்வாகத்தின் கீழ்க் கொண்டுவந்த 1833ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்கு வழிசெய்தவர்களில் ஒருவர். ஒற்றையாட்சியின் வேர் எங்கே என்று தேடுபவர்கள் இன்றும் அந்த ஆண்டுக்குத்தான் திரும்பிப் போகிறார்கள். பின்னர் அவர் இலங்கையில் பெருமளவு காணி வாங்கிக் கோப்பித் தோட்டங்களில் பணத்தைப் போட்டார்.

குடும்பம் இங்கிலாந்தில் வாழ்ந்த காலத்தில், 1863இல், மகளும் மருமகனும் ஜூலியாவுக்கு ஒரு கமரா பரிசளித்தார்கள். அப்போது அவருக்கு 48 வயது. கோழிக்கூட்டைப் படப்பிடிப்பு அறையாகவும் நிலக்கரி அறையை இருட்டறையாகவும் மாற்றிக்கொண்டு வேலையைத் தொடங்கினார். இரசாயனம் பூசிய ஈரக் கண்ணாடித் தகட்டில் படம் விழ வேண்டும். படத்துக்கு இருப்பவர் நெடுநேரம் அசையாமல் இருக்க வேண்டும். டார்வின், விண்ணியலாளர் ஹேர்ஷல், கவிஞர் டெனிசன் எல்லோரும் அப்படி இருந்தார்கள். படங்கள் தெளிவில்லை என்று அன்றைய விமர்சகர்கள் குறை சொன்னார்கள். இலண்டன் சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகமோ 1865இலேயே அவற்றை வாங்கியது. வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியரைக் கன்னி மரியாளாக நிறுத்திப் பலமுறை படமெடுத்தார். அந்தப் பணிப்பெண்ணின் பெயரும் கலை வரலாற்றில் பதிந்திருக்கிறது.

1875இல் தம்பதியர் இலங்கைக்கு வந்தார்கள். பிள்ளைகள் சிலர் ஏற்கெனவே இங்கே இருந்தார்கள். சாமான்களோடு தங்கள் சவப்பெட்டிகளையும் கப்பலில் ஏற்றி வந்ததாகச் சொல்லப்படுகிறது. 1869இல் தலைகாட்டிய இலைநோய் அப்போது கோப்பியை அழித்துக்கொண்டிருந்தது. களுத்துறையிலும் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டத்திலுமாக அவர்கள் வாழ்ந்தார்கள். 1879 ஜனவரி 26இல் டிக்கோயாவின் கிளென்கேர்ன் தோட்டத்தில் ஜூலியா இறந்தார். மறு ஆண்டு கணவரும் இறந்து அவரருகே அடக்கமானார்.

வாழ்நாளில் அவர் எடுத்த படங்கள் ஆயிரத்துக்கு மேல். இலங்கையில் எடுத்தவற்றில் எஞ்சியவை 30க்கும் குறைவு. அவற்றில் உழைக்கும் ஆண்களும் பெண்களும் சிறுமியரும் இருக்கிறார்கள். தென்னிந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர்களும் அவர்களில் இருப்பதாகக் கருதப்படுகிறது. ஒரு படத்துக்குக் களுத்துறைக் குடியானவர்கள் என்று தலைப்பு. ஒருவரின் பெயர்கூட எழுதப்படவில்லை. 1877இல் அவரைச் சந்தித்த ஓவியர் மரியான் நோர்த் ஒரு சம்பவத்தைப் பதிவு செய்திருக்கிறார். ஒரு தொழிலாளியின் முதுகு மிக அழகாக இருக்கிறதென்று, தோட்டமே இல்லாத வீட்டுக்கு அவரைத் தோட்டக்காரராக வைத்துக்கொள்ளும்படி ஜூலியா மகனிடம் பிடிவாதம் பிடித்தாராம். அந்த முதுகு வரலாற்றில் இருக்கிறது. அந்த மனிதரின் பெயர் இல்லை.

கலையுலகைக் களமாகக் கொண்ட மர்மப் படங்களில் துப்பு பெரும்பாலும் படத்துக்குள்ளேயே இருக்கும். அன்டோனியோனியின் 1966ஆம் ஆண்டுத் திரைப்படமான ‘புளோ அப்’ கதையில், இலண்டன் புகைப்படக்காரர் ஒருவர் பூங்காவில் எடுத்த படத்தைப் பெருப்பிக்கப் பெருப்பிக்க, அதில் ஒரு கொலை தெரிவதாக நம்பத் தொடங்குகிறார். ஜூலியாவின் இலங்கைப் படங்களை எவ்வளவு பெருப்பித்தாலும் பெயர் தெரியப்போவதில்லை. கேட்டு எழுதியிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். யாரும் கேட்கவில்லை.

பெயர் எழுதப்படாததன் விலையை 1948இல் மலையகம் கொடுத்தது. அந்த ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம், தகப்பனோ தகப்பன் வழி முன்னோரோ இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. பதிவுகளில்லாத லட்சக்கணக்கானோர் நாடற்றவர்களானார்கள். படத்திலுள்ள சிறுமி ஒருத்தியின் பேரப்பிள்ளைகளும் அவர்களில் இருந்திருக்கலாம். பாட்டியின் முகம் பாதுகாக்கப்பட்டிருந்தாலும், பெயரில்லாத முகம் எந்தக் கச்சேரியிலும் செல்லாது.

1977, 1983 வன்முறைகளுக்குப் பின் மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறிய குடும்பங்கள் இறுதிப் போரிலும் அகப்பட்டன. இன்று வடக்கு கிழக்கில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை ஏந்தி வீதியோரம் இருக்கும் தாய்மாருக்குப் பெயர் தெரியும், பிறந்த திகதி தெரியும், கடைசியாகக் கண்ட இடமும் தெரியும். பிள்ளை எங்கே என்பதற்குத்தான் பதிலில்லை. அந்தத் தாய்மாரும் ஒருநாள் இல்லாமல் போவார்கள். அப்போது படங்கள் மட்டும் மிஞ்சினால் என்ன ஆகும் என்பதற்கு ஜூலியாவின் படங்கள் சாட்சி.

ஜூலியாவின் கலையைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. அவர் படமெடுத்திராவிட்டால் அந்த முகங்களும் மிஞ்சியிருக்காது. அவர் விட்ட குறையை நம்மால் தவிர்க்க முடியும். வீட்டில் இருக்கும் பழைய படங்களை எடுத்து, யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று பின்புறத்தில் எழுதி வைப்போம். அதைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள்.