சிறைக்குள் ஒரு செபக்குடில்

ஹட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் பொழுது புலரும் முன்பே ஓட்டம் தொடங்கிவிடுகிறது. பிரட்டு, கொழுந்து நிறை, பிள்ளைகளின் பாடசாலை என எல்லாம் நேரத்தோடு போட்டிதான். ஒரே ஞாயிறன்று தோட்டந்தோட்டமாகத் திருப்பலிக்கு விரையும் குருக்களையும் நாம் அறிவோம். ஆயினும் இம்மலைநாட்டுத் திருச்சபைக்கு உயிரூட்டிய புனித யோசப் வாஸ் அடிகளார், தமது கண்டிப் பணியை ஓரடியும் நகர இயலாத இடத்தில்தான் தொடங்கினார்.

அவர் 1651இல் கோவாவில் பிறந்தவர். அங்கே புனித பிலிப்பு நேரியின் ஒறற்றோரிய சபைக்குத் தலைவராயிருந்தும், அப்பொறுப்பைத் துறந்து, குருக்களின்றித் தவித்த இலங்கைக் கத்தோலிக்கரைத் தேடி 1687இல் யாழ்ப்பாணம் வந்தார். ஒல்லாந்தர் கத்தோலிக்க மறையைத் தடை செய்திருந்த காலம் அது. கூலியாள் கோலத்தில் வந்தவர், கழுத்தில் செபமாலை அணிந்து வீடு வீடாகப் பிச்சை கேட்டு, விசுவாசிகளை இனங்கண்டார்.

1692இல் கண்டியை அடைந்ததும், போர்த்துக்கேய ஒற்றர் என்ற பழிச்சொல்லால் சிறைப்பட்டார். வெளியே எத்தனையோ ஆன்மாக்கள் காத்திருக்க, உள்ளே அடைபட்டிருப்பது ஒரு மேய்ப்பருக்கு எத்துணை வேதனை! அடிகளாரோ பதறவில்லை, தப்பவும் முயலவில்லை. செபித்தார். சிங்கள மொழியைப் பொறுமையாகக் கற்றார். அவர் ஓடிப்போகமாட்டார் என்று கண்ட காவலர்கள் அவரை அமைதியாய் விட்டுவிட்டனர். சிறைக்குள்ளேயே ஒரு சிறு செபக்குடில் எழுந்தது. உடனிருந்த கைதிகளே அவருடைய முதல் மந்தையாயினர்.

வறட்சிக் காலத்தில் அவர் செபித்து மழை பெய்வித்ததையே நாம் பிள்ளைகளுக்கு விரும்பிச் சொல்கிறோம். அதன்பின் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவருக்குப் பாதுகாப்பளித்தான் என்பது உண்மையே. ஆனால் மழைக்கு முந்திய அந்த மௌன மாதங்களை நாம் ஏனோ விரைந்து கடந்துவிடுகிறோம்.

அந்த மௌனத்தின் ஆழம் 1697இல் வெளிப்பட்டது. கண்டியில் பெரியம்மை பரவியபோது மக்கள் நோயாளிகளைக் கைவிட்டு ஓடினர். அரசனும் நகர் நீங்கினான். அடிகளாரோ, தம் உறவினரான யோசப் கர்வாலோ அடிகளாருடன் அங்கேயே தங்கினார். கைவிடப்பட்டோரின் புண்களைக் கழுவினார், உணவூட்டினார், இறந்தோரை அடக்கம் செய்தார். மதம் எதுவென்று கேட்கவில்லை. சிறையில் தங்கியிருக்கப் பழகியவருக்கு, எல்லாரும் ஓடிய ஊரிலும் தங்கியிருக்க முடிந்தது.

பின்னாளில் ஆயர் நிலைக்கு உயரும் வாய்ப்பு வந்தபோது அதை ஏற்க மறுத்தார். கால்நடையாகவே கிறிஸ்தவர்களைச் சந்தித்து வந்தார். 1705இல் வந்துசேர்ந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரோ தமிழிலும் சிங்களத்திலும் ஞானநூல்கள் பல இயற்றினார். சிறைக்குடிலில் தொடங்கிய மொழிப்பணி இவ்வாறு ஏட்டிலும் ஏறியது.

1711 சனவரி 16ஆம் நாள் கண்டியிலேயே அடிகளார் இறைவனடி சேர்ந்தார். 2015 சனவரி 14இல், கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, மலைநாட்டுத் தோட்டங்களில் பரம்பரை பரம்பரையாய் அவர் பெயர் சொல்லிச் செபித்துவந்த குடும்பங்களின் கண்கள் கலங்கின.