பக்கத்து ஜில்லாவில் பிறந்த டாக்டரம்மா



மகப்பேறு உதவித்தொகைக்குப் பதியும்போது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்ற பெயரை நாம எல்லாரும் கேட்டிருக்கோம். அந்த அம்மா யாருன்னு நான் படித்துத் தெரிந்துகொண்டதை இந்த மலரில் எழுதுகிறேன்.

நமக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்தவர். அம்மா சந்திரம்மாள் இசை வேளாளர் குலம். அந்தக் குடும்பங்களில் பெண்பிள்ளைக்குக் கோயிலில் பொட்டுக் கட்டிவிடும் வழக்கம் அப்போது இருந்தது. அப்பா நாராயணசாமி ஐயர் மகளைப் படிக்க வைத்தார். பையன்கள் படிக்கும் கல்லூரியில் பொண்ணான்னு எதிர்ப்பு கிளம்பியது. புதுக்கோட்டை மன்னர் அனுமதி கொடுத்தார். திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பாடம் கேட்டார்.

பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-ல் டாக்டர் ஆனார். அந்த நாளில் ஊர் ஊராகப் பிரசவம் பார்த்தது பெண்கள்தான். ஆனா அவங்களுக்குப் பேரு மருத்துவச்சி. டாக்டர்ங்கிற பேரும் சம்பளமும் பெரும்பாலும் ஆம்பளைக்குத்தான்.

சென்னை மாகாண சட்டசபையின் முதல் பெண் உறுப்பினரும் இவரே. 1927-ல் அதன் துணைத் தலைவரானார். பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்கப் போராடினார். அதற்கான சட்டம் 1947-ல் வந்தது. சட்டம் வந்துட்டா வயிறு நிறைஞ்சிடுமா? அதை அவர் முன்பே யோசித்திருக்கிறார். 1930-ல் அவ்வை இல்லம் தொடங்கி, ஆதரவில்லாத பெண்பிள்ளைகளுக்குப் படிப்பும் தொழிலும் கொடுத்தார். தங்கை புற்றுநோயில் இறந்த துக்கத்தை மனசில் வைத்தே, அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்காகப் பாடுபட்டார். 1954-ல் அது திறக்கப்பட்டது. 1968-ல் காலமானார்.

இதைப் படித்ததிலிருந்து எனக்கு நம்ம ஊர்க் கட்டட வேலைதான் கண்முன் நிற்கிறது. ஒரே சாரம், ஒரே வெயில். கரண்டி பிடிச்சா கொத்தனார், சட்டி சுமந்தா சித்தாள். இருபது வருஷம் சுமந்தாலும் பொம்பளை சித்தாள்தான். கூலியும் குறைச்சல். கல்யாண வீட்டுச் சமையலிலும் அப்படித்தான். காய் நறுக்கிப் பாத்திரம் கழுவுவது நாம, தலைமைச் சமையல்காரர் ஆம்பளை. கை செய்ய முடியாத வேலைன்னு இதில் எதுவும் இல்லை. பழக்கிவிட ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ஆகவே சகோதரிகளே, நம் கூட்டமைப்பு அடுத்து நடத்தும் பயிற்சியில் தையலோடு கொத்தனார் வேலையையும் வயரிங் வேலையையும் சேர்க்கக் கேட்போம். நம்ம வீட்டுப் பிள்ளை ஒண்ணு அதுக்குப் பேர் கொடுக்க வந்தா, முதல்ல நாம கை தூக்குவோம்.

— குழு உறுப்பினர், சாக்கோட்டை